வடிவியல் சொற்கள் பிள்ளைகளை ஏன் குழப்புகின்றன?

களியக்காவிளைக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஏழாம் வகுப்பில் ‘ஒரு சதுரம் வரையுங்கள்’ என்றால் சில பிள்ளைகள் செவ்வகம் வரைகிறார்கள், ‘சதுரமும் ஒரு செவ்வகம்தான்’ என்று சொன்னால் வகுப்பே சிரிக்கிறது, இது ஏன் என்பது முதல் கேள்வி. தமிழ்ச் சொற்கள்தாம் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்றால் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டால் என்ன என்பது இரண்டாவது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்களுக்கு நேர்ந்தது அத்தனையும் எனக்கும் நேர்ந்திருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சதுரம். உங்கள் வகுப்பில் செவ்வகம் வரைந்த பிள்ளைகள் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களா, அல்லது கேரளப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு வந்தவர்களா என்று விசாரித்துப் பாருங்கள். மலையாளப் பாடநூல்களில் ‘சதுரம்’ என்றால் நம் செவ்வகம். நம் சதுரத்துக்கு அங்கே ‘சமசதுரம்’ என்று பெயர். அந்தப் பிள்ளை தவறாக எதையும் வரையவில்லை. அக்காளோ மாமனோ சொல்லிக்கொடுத்த சதுரத்தைத்தான் வரைந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்து, பிறகு அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்து, இந்தப் பக்கம் பெண் எடுக்கிற குடும்பங்கள் இன்றும் ஏராளம். ஒரே ஒலியுள்ள சொல் இரண்டு மொழிகளில் இரண்டு உருவங்களைக் குறிக்கும்போது, அதை முதல் நாளே வகுப்பில் போட்டு உடைத்துவிட வேண்டும். ‘மட்டம்’ என்ற சொல்லும் அப்படித்தான். நமக்கு அது கிடையாகச் சமமாக இருப்பது; மலையாளத்தில் ‘மட்டகோண்’ என்பது செங்கோணம், ‘மட்டத்ரிகோணம்’ என்பது செங்கோண முக்கோணம். ஆனால் நம் கொத்தனார் கையிலுள்ள கருவியின் பெயர் மூலைமட்டம், அது பார்ப்பதும் செங்கோணத்தைத்தான் என்பதை நினைத்தால், பொது மரபு எங்கே இருக்கிறது என்று புரியும்.

இது மொழி எல்லையால் வரும் குழப்பம், கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்துவிடும். தீராத குழப்பம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. என் அனுபவத்தில், பிள்ளைகளை அதிகம் தடுமாறவைத்தவை ‘சர்வசமம்’, ‘மிகைநிரப்புக் கோணம்’ போன்ற கடினமான சொற்கள் அல்ல. அவை வாயில் நுழையாதவை என்பதாலேயே பிள்ளைகள் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். செங்குத்து, உயரம், கனம், ஒத்த, பகுதி ஆகிய சொற்கள்தாம் ஆபத்தானவை, ஏனென்றால் இவற்றின் பொருள் ஏற்கெனவே தெரியும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. சொல்லோடு ஒரு படம் மனத்தில் முன்பே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் சொல்லும் வரையறை அந்தப் படத்தின் மேல் போய் விழுகிறதே தவிர, அதை அழிப்பதில்லை.

‘செங்குத்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மருந்துவாழ்மலையின் ஒரு பக்கம் செங்குத்தாக இருக்கிறது என்கிறோம். தென்னை செங்குத்தாக வளர்ந்திருக்கிறது என்கிறோம். இந்தப் பேச்சில் செங்குத்து என்பது தரையிலிருந்து நேரே மேல்நோக்கி நிற்பது. வடிவியலில் அதே சொல் இரண்டு கோடுகளுக்கு இடையிலான உறவு. 90 பாகையில் சந்திக்கும் எந்த இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அவை தாளில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி. சாய்வாக ஒரு கோட்டை வரைந்து ‘இதற்கு ஒரு செங்குத்துக்கோடு வரை’ என்று கொடுத்தால், வகுப்பில் கணிசமானவர்கள் தாளின் ஓரத்துக்கு இணையாக, நெட்டுக்குத்தாக ஒரு கோடு போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை கேட்ட சொல்லுக்குச் சரியாகவே விடை எழுதியிருக்கிறது. கேட்டது எந்தச் செங்குத்து என்பதில்தான் பிசகு. ஒற்றைக் கோட்டைக் காட்டி ‘இது செங்குத்துக்கோடு’ என்று சொல்லும் பழக்கத்தை நாம் முதலில் விடவேண்டும். ‘எதற்குச் செங்குத்து?’ என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்கவைத்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

இதன் தொடர்ச்சிதான் முக்கோணத்தின் உயரம். பக்கங்கள் 3, 4, 5 செ.மீ. உள்ள செங்கோண முக்கோணத்தை, 5 செ.மீ. பக்கம் கீழே படுத்திருக்குமாறு கரும்பலகையில் வரைந்து, ‘இந்த அடிப்பக்கத்துக்கு உயரம் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். 4 என்று சொல்பவர்கள் இருப்பார்கள், 3 என்று சொல்பவர்கள் இருப்பார்கள். ஏனென்றால் அவர்கள் கண்ணுக்கு ‘நிற்கிற’ பக்கங்கள் அவைதாம். பரப்பளவு 6 சதுர செ.மீ.; அதை இரட்டித்து 5-ஆல் வகுத்தால் உயரம் 2.4 செ.மீ. அந்த 2.4 எந்தப் பக்கத்தின் நீளமும் அல்ல, படத்தில் இன்னும் வரையப்படாத ஒரு கோட்டின் நீளம் என்பதுதான் அவர்களுக்கு அதிர்ச்சி. விரிகோண முக்கோணத்தில் அந்தக் கோடு உருவத்துக்கு வெளியே போய் விழும்போது அதிர்ச்சி இன்னும் பெரிது. ஆளின் உயரம் ஆளுக்கு வெளியே இருக்குமா என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் நான் ‘உயரம்’ என்று மொட்டையாகச் சொல்வதை விட்டு, ‘இந்த உச்சியிலிருந்து இந்த அடிப்பக்கத்துக்குக் குத்துயரம்’ என்று முழுவதுமாகச் சொல்லத் தொடங்கினேன்.

‘குத்தெதிர்க் கோணங்கள்’ என்ற சொல்லில் உள்ள ‘குத்து’ வேறு வகை. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது எதிரெதிராக அமையும் கோணங்களுக்கு நாம் தரும் பெயர் இது. ஆங்கிலத்தில் இதற்கு ‘வெர்ட்டிகல்’ என்ற சொல் வருகிறது. ஆனால் அங்கே அந்தச் சொல் ‘வெர்டெக்ஸ்’, அதாவது உச்சி, என்பதிலிருந்து பிறந்தது. ஒரே உச்சியைப் பகிர்ந்துகொண்டு எதிரே இருப்பவை என்பதுதான் கருத்து. தமிழாக்கத்தில் அது நெட்டுக்குத்து என்ற பொருளுக்குப் போய்விட்டது. விளைவு, மேலும் கீழும் உள்ள சோடியைக் குத்தெதிர் என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளை, இடமும் வலமும் உள்ள சோடியை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. ‘உச்சியெதிர்க் கோணம்’ என்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. தேர்வில் பாடநூல் சொல்லைத்தான் எழுதவேண்டும். ஆனால் அது ஏன் அப்படி ஆனது என்பதை ஒரு நிமிடம் செலவழித்து வகுப்பில் சொல்வதில் நட்டமில்லை.

இனி, வகுப்பு சிரித்த இடத்துக்கு வருகிறேன். ஒருமுறை என் வகுப்பில் கரும்பலகையில் ஒரு சதுரத்தை வரைந்தேன். எல்லோரும் சதுரம் என்றார்கள். அட்டையில் வெட்டிய அதே அளவுச் சதுரத்தை மூலை கீழே வருமாறு திருப்பிப் பிடித்தேன். ஒரே குரலில் ‘சாய்சதுரம்’ என்றார்கள். மெதுவாகத் திருப்பிக்கொண்டே ‘இப்போது? இப்போது?’ என்று கேட்டேன். எந்தக் கணத்தில் அது சாய்சதுரமாக மாறியது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் உண்மையிலேயே கவலைப்பட்டார்கள். ‘சாய்சதுரம்’ என்ற பெயரே ‘சாய்ந்த சதுரம்’ என்று காதில் விழுவதுதான் இதற்குக் காரணம். வரையறைப்படி அது நான்கு பக்கங்களும் சமமான நாற்கரம், அவ்வளவே. சாய்வைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே சதுரம் சாய்சதுரங்களில் ஒரு வகை. அதேபோல நான்கு கோணங்களும் செங்கோணமான நாற்கரம் செவ்வகம் என்பதால், சதுரம் செவ்வகங்களிலும் ஒரு வகை.

சிரித்த பிள்ளைகளைக் குறை சொல்லவேண்டாம். பண்டைய கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்லிடே தம் நூலின் முதல் புத்தகத்தில் நாற்கரங்களை வரையறுக்கும்போது, செங்கோணங்கள் உள்ள, ஆனால் பக்கங்கள் சமமில்லாத உருவத்தையே செவ்வகமாக எடுத்துக்கொண்டார். பக்கங்கள் சமமான, ஆனால் செங்கோணம் இல்லாத உருவத்தையே சாய்சதுரமாக எடுத்துக்கொண்டார். அவர் கணக்கில் சதுரம் இரண்டிலும் சேராது. பிற்காலத்தில்தான் ஒன்றுக்குள் ஒன்றை அடக்கும் வரையறைகள் நிலைத்தன, காரணம், சிக்கனம். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று ஒருமுறை நிறுவிவிட்டால் சதுரத்துக்குத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ‘ஏன் இப்படி வரையறுத்தோம்?’ என்ற கேள்விக்கு இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். ‘புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்பது விடையாகாது. பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒப்புமை வேண்டுமென்றால், செவ்வாழை வாழை இல்லையா என்று கேளுங்கள்; மட்டியும் பேயனும் ஏத்தனும் எல்லாம் வாழை என்பதில் நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு எந்தச் சந்தேகமும் வராது.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனால், மதிலைச் சுற்றி நடந்துவிட்டு ‘வட்டம் எங்கே?’ என்று கேட்பார்கள். கோட்டை செவ்வக அமைப்புடையது. விளவங்கோடு வட்டமும் வட்டமாக இல்லை. நாகர்கோவிலில் கோணம் என்ற ஓர் ஊரே உண்டு. அதை எத்தனை பாகை என்று கேட்டுப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கலாம்.

‘செங்கோணம்’, ‘செவ்வகம்’ ஆகியவற்றில் உள்ள ‘செம்’ சிவப்பு அல்ல, செம்மை, அதாவது நேர்மை, என்பதையும் சொல்லிவிடுங்கள். செங்கல்லில் உள்ளது நிறம். செங்கோலில் உள்ளது நேர்மை. இதைச் சொல்லாமல் விட்ட ஓர் ஆண்டில், செங்கோணத்தைச் சிவப்பு மையால் குறிக்கவேண்டும் என்பது விதி என்று ஒரு சிறுமி எண்ணி, ஆண்டு முழுவதும் அப்படியே குறித்துவந்தாள்.

‘கனம்’ என்ற சொல்லும் நம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது. மரக்கடையில் ‘பலகை கனம் ஒரு இஞ்சு’ என்றால் தடிமன். வீட்டில் ‘பெட்டி கனமாக இருக்கிறது’ என்றால் எடை. வகுப்பில் ‘கன அளவு’ என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வருவது. ‘கனசதுரம்’ என்றால் பகடை போன்ற உருவம். ‘ஐந்தின் கனம்’ என்றால் 125. ஒரே சொல்லுக்கு ஐந்து வேலை. ‘எது கன அளவில் பெரியது, இரும்புக் குண்டா, அதே அளவு ரப்பர் பந்தா?’ என்று கேட்டால் இரும்பு என்று விடை வருவது இதனால்தான். வாளியில் விளிம்புவரை தண்ணீர் வைத்து, இரண்டையும் ஒவ்வொன்றாக முழுவதும் அமிழ்த்தி, வழிகிற நீரை அளந்து காட்டினால் சொல்லின் பொருள் கண்ணுக்குத் தெரியும். பந்து மிதக்கும், விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். அந்த வேடிக்கைக்காகவே பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

‘ஒத்த’ என்பது பேச்சில் ‘ஒற்றை’. ஒத்தப்படை, ஒத்தப்பனை, ஒத்தையடிப் பாதை. இந்தக் காதோடு வரும் பிள்ளை ‘ஒத்த கோணங்கள்’ என்றால் தனியாக இருக்கும் கோணம் என்று நினைப்பதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு ‘வடிவொத்த முக்கோணங்கள்’, ‘ஒத்த பக்கங்கள்’ என்று அடுத்தடுத்த பாடங்களில் வேறு வேறு பொருளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. இணைகோடுகளை வெட்டும் குறுக்குவெட்டியில் ஒரே இடத்தில் அமைந்த கோணங்கள் ஒத்த கோணங்கள். இரண்டு முக்கோணங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தி வருபவை ஒத்த பக்கங்கள். அளவு வேறானாலும் சாயல் ஒன்றாக இருப்பவை வடிவொத்த முக்கோணங்கள். மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பிரித்துக் காட்டினேன்; பிறகு பிழை குறைந்தது.

எண்கணிதத்தில் இதற்கு இணையான தொல்லை ‘பகுதி’. பின்னத்தில் கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. ஆனால் அன்றாடத் தமிழில் பகுதி என்றால் எடுத்துக்கொண்ட துண்டு. எட்டுத் துண்டில் மூன்று துண்டு தின்றால், தின்ற ‘பகுதி’ மூன்றுதானே என்று பிள்ளை மேலே உள்ள எண்ணைப் பகுதி என்கிறது. பகுக்கும் எண் பகுதி, அந்தத் துண்டுகளில் எத்தனையைத் தொகுத்தோமோ அது தொகுதி என்று வினைச்சொல்லிலிருந்து விளக்கினால் நிற்கும். முழு எண்கள், முழுக்கள் என்ற இரண்டு சொற்களை இரண்டு வேறு கணங்களுக்கு வைத்தவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சுழியத்திலிருந்து தொடங்குவது முழு எண்கள், குறை எண்களையும் சேர்த்துக்கொண்டது முழுக்கள் என்பதற்கு நினைவூட்டும் வழி எதுவும் அந்தச் சொற்களுக்குள் இல்லை. மனப்பாடம் ஒன்றே வழி.

‘சதுர அடி’யும் ‘அடி சதுரமும்’ வேறு என்பதைக் கொத்தனாரிடம் அனுப்பிக் கற்கவைக்கலாம். ‘பத்தடிச் சதுரத்தில் ஓர் அறை’ என்றால் பக்கம் 10 அடி, பரப்பு 100 சதுர அடி. 10 சதுர அடி என்பது ஒரு கட்டில் போடக்கூடக் காணாது. எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் போட்டபோது கொத்தனார் கயிற்றில் 3 அடி, 4 அடி, 5 அடி முடிச்சு வைத்து மூலையைச் செங்கோணமாக்கினார். பிறகு எதிரெதிர்ச் சுவர்க் கோடுகளை அளந்து சமமா என்று பார்த்தார். கடைசியாக மூலைக்கு மூலை அளந்தார். மூலைவிட்டங்கள் சமமானால் போதாதா, எதிர்ப்பக்கங்களை எதற்கு அளக்கிறீர்கள் என்று வேண்டுமென்றே கேட்டேன். ‘ஒரு பக்கம் குறுகி இருந்தாலும் மூலைக்கு மூலை சரியாக வரும் சார்’ என்றார். இருசமபக்கச் சரிவகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்ற தேற்றத்தை அவர் பெயர் தெரியாமலே வைத்திருந்தார். அவரிடம் கருத்து இருந்தது, பெயர் இல்லை; நம் பிள்ளைகளிடம் பல நேரம் பெயர் மட்டும் இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆங்கிலத்துக்கு மாறினால் குழப்பம் போய்விடாது, இடம் மாறும். நாம் சரிவகம் என்பதைப் பிரிட்டனில் டிரப்பீசியம் என்கிறார்கள், அமெரிக்காவில் டிரப்பிசாய்ட் என்கிறார்கள். இணையத்தில் காணொளி பார்க்கும் பிள்ளை இரண்டையும் கேட்கும். செங்கோணத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரைட் ஆங்கிள்’ என்று பெயர். இடப்பக்கம் திரும்பிய செங்கோணத்தை ‘லெஃப்ட் ஆங்கிள்’ என்று எழுதும் பிள்ளைகள் ஆங்கில வழியில் உண்டு. முக்கோணத்தின் நடுக்கோட்டுக்கும் புள்ளியியலின் இடைநிலைக்கும் அங்கே ‘மீடியன்’ என்ற ஒரே பெயர்; நாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். இலங்கைத் தமிழர் காணொளிகளும் வந்து சேர்கின்றன. அவற்றில் சர்வசமம் ‘ஒருங்கிசைவு’ என்றும் கர்ணம் ‘செம்பக்கம்’ என்றும் ஆரம் ‘ஆரை’ என்றும் வரும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதோடு, நம் சொற்கள் சிலவற்றில் படமே பாடமாக இருக்கிறது. வட்டத்தின் நாணும் வில்லும் சேர்ந்தால் அம்பு எய்யும் வில். ஆரம் என்பது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். விட்டம் என்பது பழைய வீட்டுக் கூரையில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் மரம். இதே நாணுக்கு வடமொழியில் ‘ஜ்யா’; அது அரபிக்குப் போய், எழுத்தை வேறு விதமாகப் படித்ததால் மடிப்பு என்ற பொருளுள்ள சொல்லாகி, இலத்தீனில் ‘சைனஸ்’ என்று மொழிபெயர்க்கப்பட்டு, உயர்நிலை வகுப்பில் ‘சைன்’ என்று நம்மிடம் திரும்பி வருகிறது. சைன் என்ற சொல்லுக்குள் நாண் இருப்பது ஆங்கில வழிப் பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. நம் பழைய சொற்களும் மாறாமல் இருந்தவை அல்ல. பழந்தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம், பாதி வட்டத்தைப் பாதி விட்டத்தால் தாக்கினால் குழி கிடைக்கும் என்கிறது. அங்கே வட்டம் என்பது சுற்றளவு, தாக்குவது பெருக்குவது, குழி என்பது பரப்பு. அப்படி வைத்துப் படித்தால் நம் வாய்பாடு அப்படியே வரும்; இன்றைய பொருளில் படித்தால் ஒன்றும் புரியாது.

ஆகவே நான் செய்ததைச் சொல்கிறேன். தமிழ்ச் சொல்லை முதலில் சொல்லி, வரையறையைப் பிள்ளைகளின் வாயால் சொல்லவைத்து, பெயர் தரும் படத்துக்கு மாறான ஓர் உருவத்தை உடனே காட்டுவேன்: திருப்பிய சதுரம், வெளியே விழும் குத்துயரம், சாய்ந்த செங்குத்து. ஆங்கிலச் சொல்லை அடுத்த நாள் சேர்ப்பேன். மேல்நிலை வகுப்புக்குப் போகும்போது அது வேண்டியிருக்கும். உங்கள் பள்ளி எல்லையில் இருப்பதால், பின்சுவரில் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தொங்கவிடுங்கள்: தமிழ், மலையாளம், ஆங்கிலம், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பிள்ளைகளே வரைந்த ஒரு படம். முதல் வரியில் சதுரம், சமசதுரம். இரண்டாவது வரியில் செவ்வகம், சதுரம். அந்த இரண்டு வரிகளையும் செவ்வகம் வரைந்த பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.